சின்ன ர

தேங்காப்பட்டணத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், பள்ளிவாசல் முன்னால் நின்று “சேக் முகம்மதே!” என்று ஒரு சத்தம் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் தங்களைத்தான் என்று திரும்புவார்கள். மீதிப் பேர் தங்கள் வாப்பாவையோ மச்சானையோ யாரோ தேடுகிறார்கள் என்று நிற்பார்கள். அதனால் அந்த ஊரில் பெயர் என்பது நிக்காஹ் பதிவுக்கும் ரேஷன் கார்டுக்கும் வைத்துக்கொள்வது. புழக்கத்துக்கு வட்டப்பெயர்தான். பம்பாய் சேக் உண்டு, வெற்றிலை சேக் உண்டு, சின்ன வயதில் ஒரே ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்த குற்றத்துக்காகப் பெடல் சேக் உண்டு. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால் அந்தக் கோபத்துக்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

ஹலீமா பீவியின் மாப்பிள்ளை சூரை சேக். சூரை என்றால் மீன். தலையையும் குடலையும் களைந்து, உப்புத் தண்ணீரில் அவித்து, முள் எடுத்து, உரித்த தேங்காய்க் கதம்பலைக் கொளுத்திய புகையில் வாட்டி, பிறகு வெயிலில் போட்டுக் கட்டையாகக் காயவைத்தால் அது மாசி. சேக் முகம்மதின் வாப்பா சூரை மம்மது, அவருடைய வாப்பா சூரை மீரான். மாசி வேலைதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறும் போட்டது, பெயரும் போட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் கடைத்தெருவில் யாரோ “சூரை வீட்டு மருமவளா?” என்று கேட்டபோது ஹலீமாவுக்குக் கூச்சமாக இருந்தது. குளச்சலில் அவள் பிறந்த வீட்டுக்கு வட்டப்பெயர் இரும்புப்பெட்டி. இரும்புப்பெட்டியில் பிறந்து மீனில் வந்து விழுந்தோமே என்று நினைத்தாள். பிறகு கேஸ் சிலிண்டர்காரன், கரண்டு ரீடிங் எடுக்கிறவன், தபால்காரர் எல்லோரும் சூரை வீடு எது என்று கேட்டே வந்து சேர்ந்ததில் அந்தப் பெயர் அவளுக்கும் சொந்தமாகிவிட்டது.

அந்தப் பெயரால்தான் இந்த ஐப்பசியில் அவள் வீட்டில் ஒருவர் தொண்டையிலும் கஞ்சி இறங்கவில்லை.

மகள் ரிஸ்மா பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஒருநாள் மத்தியானமே ஆட்டோ பிடித்து வந்து, பையை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். தலைவலியாக இருக்கும் என்று ஹலீமா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். காப்பி ஆறி ஆடை கட்டியது. மறுநாள் அவள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் போன் அடித்தபோது சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தாள். ஹலீமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மகளின் முடியைக் கோதி, கெஞ்சி, கடைசியில் அதட்டித்தான் விஷயத்தை வெளியே எடுக்க முடிந்தது.

“மயங்கொலி பாடம் எடுத்துக்கிட்டு இருந்தேன் உம்மா. சின்ன ர, பெரிய ற. அரம்னா இரும்ப ராவுற அரம், அறம்னா தர்மம். இதுமாதி ஒவ்வொருத்தரா ஒரு ஜோடி சொல்லுங்கன்னேன். கடைசி பெஞ்சுல ஒருத்தன் எழும்பி, சூரை, சூறைன்னான்.”

“பின்ன?”

“நல்ல ஜோடியாச்சேன்னு நினைச்சு நானே சிரிச்சிக்கிட்டுக் கேட்டேன், அர்த்தம் சொல்லுன்னு. சின்ன ர போட்டா மீனு மிஸ், பெரிய ற போட்டா உங்க வாப்பா, அப்படீன்னான்.”

ஹலீமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள்.

“கிளாஸ் முழுக்கச் சிரிச்சிது உம்மா. அவனுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. போன்ல சுத்திக்கிட்டு இருக்கு. எனக்குத்தான் தெரியல.”

ரிஸ்மா போனை எடுத்து நீட்டினாள். ஹலீமா கண்ணாடியைத் தேடவில்லை. அந்தச் செய்தி அவளுக்கு மனப்பாடம். ‘மீன் வண்டியில் ரேஷன் அரிசி கடத்தல்: சூறை சேக் சிக்கினான்.’

ரிஸ்மா பத்தாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது அது. சேக் முகம்மதிடம் ஒரு மினி லாரி இருந்தது. மீன் இல்லாத நாட்களில் டிரைவர் வாடகைக்கு ஓட்டுவான். ஒருநாள் ஐஸ் பெட்டிகளுக்கு அடியில் ரேஷன் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டு கேரளாவுக்குப் போனவன் செக்போஸ்ட்டில் மாட்டினான். வண்டி யார் பெயரில் இருந்ததோ அவரையும் பிடித்தார்கள். கேஸ் இழுத்து இழுத்து, ரிஸ்மா கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, இவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் இதில் தொடர்பில்லை என்று சொல்லிக் கோர்ட்டு விட்டுவிட்டது. பிடித்த செய்தி போட்டோவோடு வந்தது. விட்ட செய்தி கிணறு தோண்டும் விளம்பரத்துக்கு அடியில் ‘அரிசி வழக்கில் மூவர் விடுதலை’ என்று வந்தது. மூவர் யார் யார் என்று அதில் இல்லை.

போட்டது ‘தென்வாசல்’ என்ற பத்திரிகை. அதை ஊரார் வாசித்தார்கள், வாசித்த கையோடு அதில் கருவாடு பொதிந்தார்கள், மறந்தார்கள். சூரையைச் சூறை என்று போட்டுவிட்டானே, கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறதே என்று அப்போதே சிலர் சிரித்தார்கள், அதையும் மறந்தார்கள். காகிதத்துக்கு அந்தக் குணம் உண்டு. ஆனால் போன வருஷம் தென்வாசல்காரர்கள் பழைய பத்திரிகைகளை எல்லாம் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். இப்போது தேங்காப்பட்டணம், சேக் முகம்மது என்று இரண்டு வார்த்தை தட்டினால் முதலில் வந்து நிற்பது அதுதான். விடுதலை வராது. அதில்தான் பெயரே இல்லையே.

அன்று சாயங்காலம் கிழக்கே இடி உருண்டது. மாசிக் கொட்டகைக்கு வெளியே காயப் போட்டிருந்ததை ஹலீமாவும் சேக் முகம்மதுவும் ஓடி ஓடி அள்ளினார்கள். பாதி காய்ந்ததில் மழை பட்டால் பூஞ்சை பிடிக்கும், பிறகு நாய்கூட மோந்து பார்க்காது. தார்ப்பாயை இழுத்து மூடி முடித்து, கொட்டகைக்குள் புகைக்கு நடுவில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அவள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னாள். அவர் கதம்பலைக் கிளறிவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிள்ளைக்க மொகத்தப் பாத்தியளா? எலும்பும் தோலுமா ஆயிட்டா.”

“பாத்தேன்.”

“பாத்தேன்னா? அந்த ஜெபதாசுகிட்டப் போயி அத அழிச்சுப் போடச் சொல்லப் பிடாதா? அவன்தானே எழுதுனான்?”

“சவத்த விடு ஹலீமா. எத்தன வருசம் ஆச்சு. வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து நடந்து எனக்குக் காலும் போச்சு, வண்டியும் போச்சு. இனியும் ஒருத்தன்கிட்டப் போயி நான் களவாணி இல்லன்னு சொல்ல எனக்குப் பெலம் இல்ல. எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

“உங்களுக்கு வேண்டாம். அவளுக்கு?”

புகை கண்ணில் பட்டிருக்க வேண்டும், தோளில் கிடந்த தோர்த்தால் அவர் துடைத்தார். ஹலீமாவுக்கு அவர் மேல் எரிச்சலும் பாவமும் ஒன்றாக வந்தன. அந்தக் கேஸுக்குப் பிறகு மனுஷன் எதற்கும் வாய் திறப்பதில்லை. மீன் ஏலத்தில்கூடக் கையைத்தான் தூக்குவார். முன்பெல்லாம் துறையில் யாராவது “சூரைக்கு எத்தன பெட்டி?” என்று கேட்டால், “மீனுக்கா, எனக்கா?” என்று திருப்பிக் கேட்டுச் சிரிக்க வைப்பார். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி நடக்கிறார்.

மறுநாள் காலை சோலிகளை ஒதுக்கிவிட்டு, ஹலீமா ஒரு பொதி மாசியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தனியாகவே புதுக்கடைக்கு பஸ் ஏறினாள். சண்டை போடப் போகிறவள் எதற்கு மாசி கொண்டுபோகிறாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்கோ கடைக்கோ போய் அவளுக்குப் பழக்கமில்லை.

ஜெபதாஸ் தென்வாசலின் நிருபர். நிருபர் என்றால் சம்பளக்காரர் இல்லை. வந்த செய்திக்குத் தகுந்த மாதிரி ஏதோ கொடுப்பார்கள், சில மாதம் மறந்தும் போவார்கள். வயிற்றுப்பாட்டுக்கு ஜங்ஷனில் மனைவி பெயரில் ‘பிரிஜா ஜெராக்ஸ்’ வைத்திருந்தார். வெளியே பலகையில் ‘ஆதாரில் எழுத்துப் பிழை திருத்தித் தரப்படும்’ என்று எழுதியிருந்தது. ஹலீமா அதை நின்று வாசித்தாள். வாசித்ததும் ஏறியிருந்த கோபம் இன்னும் ஒரு படி ஏறியது.

உள்ளே ஒரு இளம்பெண் ஜெராக்ஸ் மிஷினில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெபதாஸ் எழுந்து நின்றார். நரைத்திருந்தார்.

“வாருங்க மைனி. சேக் காக்கா வரலியா?”

“காக்காவத்தான் நீ வெளியே தல காட்ட முடியாம ஆக்கிட்டியே. பின்ன எப்பிடி வருவாரு?”

அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்: சின்ன ர, பெரிய ற, கடைசி பெஞ்சு, ஆறிப்போன காப்பி.

“நான் சூரைன்னுதான் மைனி எழுதி அனுப்புனேன். எனக்குத் தெரியாதா? எத்தன வருசம் உங்க வீட்டு மாசி தின்னிருக்கேன். திருநெல்வேலி டெஸ்குல இருக்கவனுக்குச் சூரைன்னு ஒரு மீனு உண்டுன்னே தெரியாது. களவு கேசு, பேருக்கு முன்ன ஒரு பட்டப்பேரு. சூறையாடுற ஆளு போலிருக்கு, நிருபர் தப்பா எழுதிட்டான்னு அவனே திருத்திட்டான். மாட்டுனாருன்னு எழுதுனேன், சிக்கினான்னு ஆக்கிட்டான்.”

“சேக் முகம்மதுன்னு மட்டும் எழுதியிருக்கப் பிடாதா? அந்தப் பட்டப்பேரு எதுக்கு?”

“உங்க ஊருல சேக் முகம்மது எத்தன பேரு? வயசும் அம்பதச் சுத்தி நாலஞ்சு பேரு உண்டு. மீனு வியாபாரம் ரெண்டு பேருக்கு. பேர மட்டும் போட்டா, ஒண்ணுமறியாத இன்னொருத்தன் தலையில போயி விழாதா? அதுக்குத்தான் போட்டேன். ஆளு மாறிப் போயிரப் பிடாதுன்னு போட்டேன்.”

“ஒண்ணுமறியாத இன்னொருத்தன காப்பாத்துன. ஒண்ணுமறியாத எங்க ஆள மாட்டிவிட்ட.”

மிஷின் நின்றிருந்தது. அந்தப் பெண் திரும்பாமலே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“செரி,” என்றாள் ஹலீமா. குரல் இறங்கியிருந்தது. சண்டைக்கும் பெலம் வேண்டுமே. “ஆனது ஆச்சு. அத நெட்டுல இருந்து அழிச்சுப் போடச் சொல்லு. அது போதும்.”

“கேட்டுப் பாத்துட்டேன் மைனி.”

“எப்ப?”

“போன வருசம் ஏத்துனப்பவே. உங்க காரியம் எனக்கு மறக்குமா? எடிட்டர் வக்கீலக் கேட்டாரு. வக்கீலு முடியாதுன்னுட்டாரு. அன்னைக்குப் பிடிச்சது உள்ளது, கேஸ் போட்டது உள்ளது, எழுதுனதுல சட்டப்படி தப்பில்ல. விடுதலை ஆனவனுக்கு அத அழிக்கச் சொல்லி உரிமை உண்டான்னு கேட்டா, ஒரு கோர்ட்டு உண்டுங்குது, ஒரு கோர்ட்டு இல்லங்குது. மனுசனுக்கு மறக்கப்படுறதுக்கு ஒரு உரிமையாம், ஊருக்குத் தெரிஞ்சுகிடுறதுக்கு ஒரு உரிமையாம். ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்கி.”

“எனக்கு உரிமையெல்லாம் வேண்டாம் ஜெபதாசு. எனக்க பிள்ள ஸ்கூலுக்குப் போணும்.”

“மனசிலாவுது. ஆனா இன்னொரு காரியம் உண்டு.” அவர் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். “மேக்க ஒரு பாறைக் குவாரி. வெடி வச்சப்ப ஒரு ஆளு செத்தான். வீட்டுலயே மாரடைச்சுச் செத்தான்னு எழுதி வாங்கி மூடப் பாத்தானுவ. நான் எழுதுனேன், போட்டோவோட. இப்பம் அந்த முதலாளி தென்வாசல் மேல மதுரையில கேஸ் போட்டிருக்கான், எனக்க பேரயும் சேத்து. அவன் மேல இருந்த கேசு சாட்சி இல்லாமத் தள்ளுபடி ஆயிப்போச்சாம், அதனால பழைய செய்திய எல்லாம் அழிக்கணுமாம். நாங்க அழிக்க மாட்டோம்னு நிக்கோம். இந்த நேரத்துல காக்காவுக்கு அழிச்சுக் குடுத்தோம்னு வையுங்க, அவன் வக்கீலு மொத வேலையா அதத்தான் கோர்ட்டுல காட்டுவான். அவருக்கு அழிச்சியளே, எனக்கு ஏன் முடியாதுன்னு.”

“எங்க வீட்டு ஆளும் அவனும் ஒண்ணா?”

“எனக்கு ஒண்ணில்ல மைனி. உங்களுக்கும் ஒண்ணில்ல. கோர்ட்டுத் தாளுல ரெண்டு பேரும் கேசு தள்ளுபடியான ஆளுவதான்.”

“அப்ப எங்கள ஏன் அதுல பிடிச்சு நிறுத்துதியோ? அந்தச் செத்த ஆளு யாரு எவருன்னு எனக்குத் தெரியுமா? அவனுக்காக எனக்க பிள்ள வீட்டுக்குள்ள முடங்கிக் கெடக்கணுமா?”

மிஷின் பக்கமிருந்து, “அண்ணே,” என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். “அழிச்சுக் குடுத்திருங்க அண்ணே. எங்க காரியத்த ஆண்டவர் பாத்துக்கிடுவாரு.”

ஜெபதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஹலீமா அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. ரிஸ்மாவைவிட ஒன்றிரண்டு வயது மூத்திருக்கலாம்.

“ஷிஜி,” என்றார் ஜெபதாஸ். “இவளுக்க மாப்பிளதான் மைனி.”

ஹலீமா நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. ஷிஜி போய்க் கட்டன் சாயா வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தாள். ஹலீமா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளைய எத்தன?”

“ஒண்ணு. பெண்ணு.”

“அப்பனப் பாத்திருக்காளா?”

“கைப்பிள்ளையா இருந்தா. ஓர்மை கெடையாது.” ஷிஜி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “மாரடைச்சுச் செத்தான்னுதான் சர்ட்டிபிகேட்டுல இருக்கு மாமி. குவாரி வெடியில செத்தான்ங்கது அண்ணன் எழுதுன அதுல மட்டுந்தான் இருக்கு.”

ஹலீமா சாயாவைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அவளுக்கு அழ வேண்டும்போல் இருந்தது, ஆனால் யாருக்காக என்று தெரியவில்லை. எல்லாரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள், அதுதான் அலுப்பாக இருந்தது. யாராவது ஒருத்தர் அயோக்கியமாகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“அழிக்க வேண்டாம்,” என்றாள் கடைசியில். “அது கெடக்கட்டும். அந்த எழுத்த மட்டும் மாத்த முடியுமா? பெரிய ற-வ எடுத்துட்டுச் சின்ன ர. அதுக்கு அடியில, இந்த ஆள கோர்ட்டு விட்டாச்சுன்னு ஒரு வரி. பேரு சொல்லி.”

ஜெபதாஸ் நிமிர்ந்தார். “அது நடக்கும் மைனி. பிழை பிழைதான், அதத் திருத்த எந்த வக்கீலும் தடை சொல்ல மாட்டான். பேப்பர்ல திருத்தம் போட வைக்கேன். அதப் பாத்து நெட்டுலயும் மாத்திருவானுவ. ஆனா காக்கா ஒரு கையெழுத்துப் போடணும். சூரை சேக்குங்கது நான்தான்னு.”

மஞ்சள் பையை மேஜையில் வைத்துவிட்டு ஹலீமா எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். பையைப் பிரித்து மாசியை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை ஷிஜியின் பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் ஜெபதாஸ் வெள்ளைச் சட்டையோடு தேங்காப்பட்டணத்துக்கு வந்தார். மழை விடாமல் சாத்திக்கொண்டிருந்தது. ஹலீமா மரச்சீனிக் கிழங்கு அவித்து, சூரைப் புளிமுளம் குழம்பு வைத்திருந்தாள். சேக் முகம்மது அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கிழங்கைக் குழம்பில் பிசைந்து தின்றார்கள். கதவுக்குப் பின்னால் ரிஸ்மா நிற்பது ஹலீமாவுக்குத் தெரிந்தது.

“காக்கா, எனக்க மேல கோவந்தானே?”

“கோவமெல்லாம் இல்லடே. கோவப்பட்டது ஒரு காலம்.”

“நான் எழுதாம இருந்திருக்கணும்னு நினைக்கியளா?”

சேக் முகம்மது ஒரு முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தார். “வண்டி எனக்க வண்டி. அரிசி அதுல இருந்துது. ஏழைக்குள்ள அரிசி. அத நீ எழுதாம இருந்தா பின்ன எதுக்கு நிருபர்னு சொல்லிக்கிட்டு நடக்க? எழுதுனது செரி. எனக்கு எங்க நொந்துதுன்னா, நீ கேமராவோட அங்க நின்னப்ப எனக்க மூஞ்சிய நேரா பாக்கல. பாத்திருந்தா நான் சொல்லியிருப்பேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுடேன்னு.”

“பாக்கக் கூச்சமா இருந்துது காக்கா.”

“எனக்குந்தான் கூச்சமா இருந்துது.”

ஜெபதாஸ் கை கழுவிவிட்டு வந்து, தட்டச்சு செய்து கொண்டுவந்த தாளை நீட்டினார். சேக் முகம்மது அதை வாங்கி எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். ‘சூரை சேக் என்று அழைக்கப்படும் நான்’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

“இதுல, விட்டாச்சுங்கது வருமா?”

“வரும் காக்கா. கடைசி வரியப் பாருங்க. மேற்படி வழக்கில் சேக் முகம்மது விடுதலை செய்யப்பட்டார். தீர்ப்பு நகலும் வச்சு அனுப்புதேன்.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். இவங்க கேக்காங்கன்னு போடுதேன்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசித்தார். அதை ஹலீமா மட்டும்தான் பார்த்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் எதற்கும் காத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பத்திரிகை வாசிக்காத சேக் முகம்மது தினமும் காலையில் சாயாக்கடைக்குப் போய், எல்லாரும் வாசித்து முடிக்கும் வரை இருந்து, கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு வந்தார். ஒருநாள் வரும்போது பத்திரிகையை மடித்து மடியில் செருகிக்கொண்டு வந்தார். கண்ணாடி இல்லாமல் திருத்தம் என்ற தலைப்பு மட்டும்தான் தெரிந்தது என்றார். ரிஸ்மாவைக் கூப்பிட்டார். அவள் அறையிலிருந்து வெளியே வந்து, நின்றபடியே வாங்கி, சத்தமாக வாசித்தாள்.

“திருத்தம். மீன் வண்டியில் ரேஷன் அரிசி கடத்தல் என்ற தலைப்பில் முன்னர் வெளியான செய்தியில், சூறை சேக் என்று இருப்பதை…”

நிறுத்தினாள். பத்திரிகையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஹலீமா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். ரிஸ்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

“என்ன மக்கா? ஏட்டி, சொல்லு! எந்த ர போட்டிருக்கான்?”

“சின்ன ர-தான் உம்மா. அதச் செரியாப் போட்டுட்டான். சூ-வத்தான் சு ஆக்கிட்டான். சூறை சேக் என்று இருப்பதை, சுரை சேக் என்று வாசிக்கவும்.”

“சுரையா?”

“சுரைக்காய் உம்மா! வாப்பா இப்பம் சுரைக்காய்!”

ஹலீமாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “படச்சவனே! ஏட்டுச் சுரைக்காய்னு கேட்டுத்தான் இருக்கோம், இன்னைக்குக் கண்ணால பாத்தாச்சு,” என்று சொல்லிக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவளும் உட்கார்ந்தாள். சேக் முகம்மது இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருடைய வயிறும் குலுங்க ஆரம்பித்தது. அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று ஹலீமா நினைத்தாள், நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

போன் அடித்தது. ஜெபதாஸ்தான். குரல் அழுகிற மாதிரி இருந்தது. “மைனி, பாத்தியளா? நான் செரியாத்தான் அனுப்புனேன், எனக்க பிள்ளைகளாணை. டெஸ்குல புதுசா ஒருத்தன். சூரைன்னு தமிழ்ல ஒரு வார்த்தையே கெடையாது அண்ணாச்சி, அதான் மாத்துனேங்கான். நெட்டுலயும் அப்படியே மாத்திட்டான். நான் திரும்பவும் எழுதிக் குடுக்கேன், திருத்தத்துக்கு ஒரு திருத்தம்…”

“வேண்டாம் மக்கா, விடு,” என்றாள் ஹலீமா. “அடுத்த தடவ எங்கள என்ன காயா ஆக்குவானோ.” போனை வைத்தபோதும் சிரிப்பு அடங்கவில்லை.

சேக் முகம்மதின் சிரிப்பு அடங்கியிருந்தது.

“மக்கா,” என்றார். “விட்டாச்சுங்கத போட்டிருக்கானா?”

ரிஸ்மா பத்திரிகையை மறுபடியும் எடுத்தாள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் மேலிருந்து கீழே ஒருதடவை வாசித்தாள். ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று முடிந்திருந்தது. போனை எடுத்து அதிலும் பார்த்தாள். போட்டோ இருந்தது, அரிசி மூட்டை இருந்தது, சுரை சேக் சிக்கினான் என்று இருந்தது.

“இல்ல வாப்பா.”

“கடைசி வரில இருக்கும், பாரு.”

“இல்ல வாப்பா. அது வரல.”

அவர் தலையாட்டினார். ஒன்றும் வேண்டாம் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது என்பது ஹலீமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கூடவே படுத்து, கூடவே எழுந்து, கூடவே மீன் அறுத்தும் தனக்கு அது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. எழுத்தைப் பற்றிக் கவலைப்பட்டதெல்லாம் தானும் மகளும்தான், அவர் இல்லை.

மழை வெறித்திருந்தது. ஓட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ரிஸ்மா எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, பீரோவிலிருந்து ஒரு சேலையை எடுத்து விரித்தாள்.

“உம்மா, அயர்ன் பாக்ஸ் எங்க? நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன்.”

“அந்தப் பய திரும்பவும் கேட்டான்னா?”

“கேக்கட்டும். கேக்கலன்னாலும் நானே சொல்லுவேன். எனக்க வாப்பாவுக்க மேல கேஸ் போட்டாங்க, விசாரிச்சாங்க, விட்டாங்கன்னு. பேப்பர்ல வரலன்னா எனக்கு வாய் இல்லியா?”

சேக் முகம்மது மகளைப் பார்த்தார். “நாளைக்கு என்ன பாடம்?”

“அன்னைக்கு விட்ட எடத்துல இருந்துதான் வாப்பா. சின்ன ர, பெரிய ற.”

அவர் பத்திரிகையை நாலாக மடித்தார். மாசி பொதிய ஆகும் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் மடியில் செருகிக்கொண்டார்.

“விடுதலைக்கு எந்த ர?”

“அதுல ர-வே கெடையாது வாப்பா. மாத்திப் போட வழியில்ல.”

“அதான் போடாமலே விட்டுட்டான்,” என்று சொல்லிவிட்டு, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். முற்றத்தில் வெயில் வந்திருந்தது. தார்ப்பாயை விலக்கி மாசியைத் திரும்பவும் பரப்ப வேண்டும்.